கடல் எப்போதும் இடப்பக்கம்

ஜூன் 4, ஞாயிறு. பெரிக்

ரயில் பதினெட்டு நிமிடம் தாமதம். சைக்கிள்களை இறக்கி, பைகளை மாட்டி, பழைய பாலத்தைக் கடந்தபோது மணி மூன்று.

இது எங்களுக்கு இருபத்து மூன்றாவது ஜூன். விட்பியில் எங்கள் வீட்டு வாசலில் தொடங்கி, வருடத்துக்கு ஒரு வாரமாக, போன வருடம் விட்ட இடத்திலிருந்து, கடலை இடப்பக்கம் வைத்துக்கொண்டு நாட்டைச் சுற்றி வருகிறோம், ரோலண்டும் நானும். இந்த வாரம் டைன்மவுத் வரை. அடுத்த ஜூனில் மிச்சமுள்ள எழுபது மைல். அத்தோடு வட்டம் எங்கள் வாசலில் வந்து முடியும்.

எப்போதும் முன்னால் போகிறவன் இன்று என்னைப் போகச் சொன்னான். “உன் வேகத்துக்குப் போவோம் நோரா, யார் தொரத்தறா?” எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஜூன் 5, திங்கள்

காலை முழுக்க எதிர்க்காற்று. வேலியோர முட்புதரில் மஞ்சள் பூ, அதற்குத் தேங்காய் மணம். ஒன்பது மைலுக்குப் பிறகு ஒரு சிற்றூரில் தேநீர்க் கடை.

ரோலண்ட் முப்பத்து நான்கு வருடம் தபால்காரன். எந்தக் கடைக்குள் நுழைந்தாலும், கரும்பலகையில் உள்ள கேக் பெயர்களை விலாசம் படிக்கிற குரலில் ஒன்று விடாமல் உரக்க வாசிப்பான். கடையே திரும்பிப் பார்க்கும். வாசித்து முடித்துவிட்டு, என்றைக்கும் கேட்கிற வால்நட் கேக்கையே கேட்பான். இன்று வாசிக்கவில்லை. “உனக்கு எதுவோ அதுவே எனக்கும்” என்றான். நான் ருபார்ப் கேக் சொல்லியிருந்தேன். அவனுக்கு அந்தப் புளிப்புத் தண்டு ஆகாது. முழுசும் தின்றான்.

கோபமா என்று கேட்டேன். வயசாயிடுச்சு, அவ்வளவுதான் என்றான்.

மாலையில் ஒரு பள்ளத்தில் நன்றாக இறங்கி ஏறினான். சாப்பாட்டுத் தட்டு அகலம். முன்னால் போகிறவர் பள்ளத்தைக் கை காட்டிக் குரல் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் சைக்கிள் கிளப்பின் முதல் பாடம். நான் மறந்துவிட்டேன். தப்பு என்னுடையதுதான். ஆனாலும் தட்டு அகலம்.

ஜூன் 6, செவ்வாய். தீவு

நிதானமாக எழுத வேண்டும்.

இந்தத் தீவுக்குப் போகும் சாலை தினமும் இரண்டு முறை கடலுக்குள் போய்விடும். எத்தனை மணி வரை கடக்கலாம் என்ற தாளைப் பார்த்து வைப்பது ரோலண்டின் வேலை. தங்குமிடம் என் வேலை. ஒருவர் வேலையை மற்றவர் சரிபார்ப்பதில்லை. இருபத்திரண்டு வருடம் சண்டை இல்லாமல் ஓடியது அதனால்தான்.

“ஏழு நாப்பது வரைக்கும் நேரம் இருக்கு” என்றான். பத்து மணிக்குக் கடந்தோம். தொலைவில் மணல்திட்டில் கடல்நாய்கள் ஊளையிட்டன. இடிந்த மடாலயத்தைப் பார்த்தோம். நண்டு சாண்ட்விச் சாப்பிட்டோம், ரொட்டியைவிட நண்டு அதிகம். அவன் புல்லில் படுத்துத் தூங்கினான். ஒரு மணி வாக்கில் கார்கள் வரிசையாகக் கிளம்பின. ஏன் எல்லாரும் போகிறார்கள் என்றேன். “சாப்பாட்டு நேரம்ல.” நாற்பது வருடம் பத்திரிகையில், யார் எதைச் சொன்னாலும் ‘உங்களுக்கு எப்படித் தெரியும்’ என்று கேட்டே பிழைத்தவள். இவனிடம் மட்டும் கேட்கவில்லை.

இரண்டரைக்குச் சாலை முனைக்கு வந்தோம். தார்ச்சாலை ஒரு அவசரமும் இல்லாமல் தண்ணீருக்குள் இறங்கிப் போயிருந்தது. மனித நடமாட்டம் இல்லை. அவன் பையிலிருந்து தாளை எடுத்துப் பார்த்தேன். 1.40. நன்றாகவே அச்சாகியிருந்தது.

“ஒண்ணா ஏழான்னு தெரியல. ஏழுன்னா நாள் நல்லா இருக்குமேன்னு நினைச்சேன்.”

ஏப்ரலிலிருந்தாம். கண் மருத்துவமனைக்குத் தனியாகப் போயிருக்கிறான். பார்வையின் நடுப்பகுதி அழிந்துகொண்டு வருகிறது, ஓரம் மட்டும் நிற்கும், திருப்பிக் கொண்டுவர மருந்து இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். “உன்னை நேரா பாத்தா முகம் இருக்காது, ரெண்டு காதுதான் இருக்கும். காதைப் பாத்தேன்னா முகம் கொஞ்சம் தெரியும்.”

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கத்தினேன் என்பதுதான் சரி.

“இந்த வாரம் போனா மிச்சம் எழுபது மைல்தானே நோரா. வீட்டு வாசலைத் தொட்டுட்டுச் சொல்லலாம்னு இருந்தேன்.”

பாவி. ரெண்டு நாளா என்னோட சிவப்புப் பையை ஓரக்கண்ணால பாத்துக்கிட்டே பின்னால வந்திருக்கான். எதுக்க ஒரு லாரி வந்திருந்தா? நான் பாட்டுக்கு முன்னால போறேன்னு பெருமை அடிச்சிக்கிட்டு…

தண்ணீர் வடிய ஏழரை ஆகும். நண்டு சாண்ட்விச் கொடுத்த கடைக்காரம்மாவே கதவைத் திறந்து பருப்பு சூப் வைத்தார். எல்லாரையும் கண்ணு என்றுதான் கூப்பிடுகிறார். “மத்தவங்க காரை முழுகடிச்சுட்டு வருவாங்க கண்ணு. நீங்க ரெண்டு பேரும் மரியாதையா கரையிலேயே நின்னுட்டீங்க.” ரோலண்ட் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. சூப்பில் மிளகு அதிகம்.

ஜூன் 7, புதன்

வாடகை வண்டி, ரயில், வீடு. முடிவெடுத்தவள் நான். அவன் ஒரு வார்த்தை வாதாடவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. மிச்சம் எழுபது இல்லை இப்போது, நூற்று நாற்பது.

ஜூன் 29, வியாழன்

இந்த முறை டாக்டரிடம் நானும் போனேன், நோட்டுப் புத்தகத்தோடு. இனி சாலையில் ஹாண்டில்பாரைப் பிடிக்கவே கூடாது என்றார். மிதிக்கலாமா என்று கேட்டேன். காலுக்கு ஒன்றும் இல்லையே என்றார், என்னைக் கொஞ்சம் விசித்திரமாகப் பார்த்தபடி. அப்படியே எழுதிக்கொண்டேன்.

ஜூலை 15

அவன் சைக்கிளைத் துடைத்து எண்ணெய் போட்டு, விற்பனைக்கு என்று அட்டை எழுதிக் கொண்டிருந்தான். எழுத்து ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருந்தது. வாங்கிக் கிழித்தேன்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

கிளப்பில் ஒருவர் கொட்டகையிலிருந்து, இரண்டு பேர் மிதிக்கும் நீளச் சைக்கிள் ஒன்று கொடுத்தார். முன்னால் நான், பின்னால் அவன். பின் இருக்கைக்கு பிரேக் கிடையாது, திருப்ப முடியாது. நான் சாய்ந்த பக்கம் அவன் சாயமாட்டேன் என்கிறான். இரண்டு முறை வேலியில் போய் நின்றோம்.

“இப்படி ஒரு முதுகை இத்தனை வருஷம் எங்கடி வெச்சிருந்த?”

“முதுகுலதான். வாயை மூடிட்டு மிதி.”

நான்கு மைல். ஒரு பள்ளத்துக்குக் குரல் கொடுக்க மறந்தேன். வீடு வரைக்கும் சொல்லிக் காட்டினான். ஜூனுக்குப் பிறகு அவன் என்னைக் குறை சொல்வது இதுதான் முதல் தடவை. கேட்க நன்றாக இருந்தது.

ஜனவரி 14

பனி. இரண்டு மைல். கை விறைத்துவிட்டது.

ஜூன் 8, சனி. ஸ்டெயித்ஸ்

போன வருடம் விட்ட இடத்திலிருந்து தொடங்கி ஏழாவது நாள். இரண்டு பங்ச்சர். பள்ளங்களை எண்ணவில்லை. ஒவ்வொன்றுக்கும் குரல் கொடுத்தே தொண்டை கட்டிவிட்டது.

துறைமுகத்துக்கு மேலே தேநீர்க் கடை. சனிக்கிழமைக் கூட்டம். அவனை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, பலகை முன் நின்று கட்டிய தொண்டையோடு உரக்க வாசித்தேன். எலுமிச்சை. கேரட். இஞ்சி. ருபார்ப். ஒன்பது கேக். கடையே திரும்பிப் பார்த்தது. அவன் தலையைச் சாய்த்து, என் காதைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.

“அவ்வளவுதானா?” என்றான்.

பலகையில் முதலில் இருந்ததைக் கடைசிக்கு வைத்திருந்தேன். வால்நட் என்றேன்.

“அதையே குடுக்கச் சொல்லு.”

வீட்டுக்கு இன்னும் பத்து மைல். கடல் இடப்பக்கம்.