இருநூற்று நாற்பத்தேழும் என் கையெழுத்து

மார்ச் 4
மரக்கடைக்குப் போர்டு எழுதிக்கொண்டிருந்தேன். அக்கா மகள் வந்து ஏணிக்குக் கீழே நின்றாள். கம்ப்யூட்டரில் எழுத்து செய்கிற வேலை அவளுக்கு. ஒரு பதிப்பகம் புத்தகத் தலைப்புகளுக்கு, பட்டைப் பேனாவால் எழுதின மாதிரி பழங்காலத்து எழுத்து கேட்கிறதாம். என் எழுத்தையே ஃபாண்ட் ஆக்கி அனுப்பலாமா என்றாள். மூன்று பேர் போட்டி. இருபதாம் தேதி முடிவு. அவள் சொந்தமாக எடுத்துச் செய்யும் முதல் வேலை.

இருநூற்று நாற்பத்தேழு எழுத்தையும் கண்ணைக் கட்டிக்கொண்டு எழுதுவேன் என்றேன். திறந்துகொண்டே எழுதுங்கள், போதும் என்றாள் சாப்பாடு கொண்டுவந்த வீட்டுக்காரி.

மார்ச் 7
எழுதித் தள்ளிவிட்டேன். ழ-வின் வால் தானாக வளைகிறது. ங மட்டும் முரண்டு பிடித்தது. முப்பது வருஷத்தில் எந்தக் கடைக்காரன் ங-வில் பேர் வைத்தான்? அக்கா பார்த்து அசந்துபோனாள். (வாய் சொன்னது 'பரவாயில்லை'. முகம் அசந்துதான் இருந்தது.)

மார்ச் 12
அக்கா மகள் விசையைத் தட்டுகிறாள், திரையில் என் கை எழுதுகிறது. நான் சும்மா உட்கார்ந்திருக்கிறேன், என் கை எழுதுகிறது! தெருவே திரண்டு வந்து பார்த்தது. தெரு என்றால் தையற்காரரும் அவர் மச்சானும்.

மார்ச் 17
மோசம். பதிப்பகத்து அம்மா போன் செய்தாராம். அவர்களுடைய முதல் புத்தகம் மூலிகைகளைப் பற்றி. பேர் 'ஔடதத் தோட்டம்'. எங்கள் எழுத்தில் போட்டுப் பார்த்துவிட்டு, ஒ-ள-ட-தமா, அது என்ன செடி என்று சிரித்தாராம்.

"மாமா, ஔ ஒரே எழுத்து. நீங்க ஒ, ள-ன்னு ரெண்டு எழுதி வச்சிருக்கீங்க. நானும் கவனிக்காம விட்டுட்டேன்."

பெரிய இடங்களில் அப்படித்தான் எழுதுவோம் என்று ஆரம்பித்தேன். அவள் கண் கலங்கியிருந்தது. என்னத்தச் சொல்ல — அஞ்சாங்கிளாஸோட நின்னவன் நான். கடைக்காரங்க குடுக்கிற துண்டுச் சீட்டப் பாத்து வரைஞ்சே காலத்த ஓட்டிட்டேன். அது ரெண்டு எழுத்துன்னுதான் இன்னிக்கு வரைக்கும் நெனச்சேன். அப்படியே சொல்லிட்டேன்.

அவள் வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினாள்.

மார்ச் 18
நாற்பது தாள் வீண். நாற்பத்தொன்றில் கிடைத்தது. ஒ-வின் வால் அப்படியே மேலே ஏறி, அதன் தோளில் சின்ன ள-வாகச் சுருண்டு உட்கார்கிறது. நடுவில் பேனாவைத் தூக்கவே இல்லை. இனி எவன் வந்தாலும் அதை ரெண்டாகப் பிரிக்க முடியாது.

மார்ச் 20
எங்களுக்குத்தான்! அந்த அம்மா ஔ-வையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இந்த ஒரு எழுத்துக்காகவே எடுத்துக்கறேன்" என்றாராம். போனில் சொல்லும்போது அக்கா மகளுக்கு மூச்சு வாங்கியது. நான் ஏணியிலிருந்து விழவில்லை. வேகமாக இறங்கினேன்.

ஜூலை 2
பழக்கடைக்காரர் புதுப் போர்டு கேட்டு வந்தார். கையில் அந்த மூலிகைப் புத்தகம்.

"உங்க எழுத்து வேணாம்ணே. இந்த அட்டையில இருக்கே, இது மாதிரி வேணும். உங்களுக்கு வருமா?"

அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பெரிய கை எழுதினது, முயன்று பார்க்கிறேன் என்றேன்.