ஃப்யூஸுக்கு முன்னால் இருக்கும் செம்பு

என் காதருக்கு,

நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. பூந்தமல்லியில் உன்னை அடக்கம் செய்துவிட்டு வந்தோம். இன்று சொல்ல ஒரு சேதி இருக்கிறது.

எண்பதுகளின் கடைசியில் நம் அம்பத்தூர் கம்பெனியில் செய்து பாடியில் இருக்கும் ஃபேக்டரிக்கு அனுப்பினோமே, அந்தப் பதினோராயிரம் வோல்ட் பேனல், ஞாபகம் இருக்கிறதா? ஷார்ட் சர்க்யூட் ஆனால் நாற்பது கிலோ ஆம்பியர் தாங்கும் என்று நேம் பிளேட் அடிக்கச் சொன்னார் மேனேஜர். டெஸ்டிங்கில் இருந்த நீ கையெழுத்துப் போட மறுத்தாய். சரக்கு அனுப்பும் பொறுப்பு என்னுடையது. உன்னிடம் வந்து கத்தினேன்.

"ஃப்யூஸ்லயே நாப்பதுன்னு எழுதிகீது. ஒனக்கு இன்னா மச்சான் கஷ்டம்?"

நீ நிதானமாகத்தான் சொன்னாய். "அது ஃப்யூஸோட நம்பர்டா. அது தனக்குப் பின்னால போற ஒயரத்தான் காப்பாத்தும். முன்னால கீற செம்புப் பட்டையில ஷார்ட் ஆனா? பட்டையும் அதப் புடிச்சிகினு கீற சப்போர்ட்டும் பதினெட்டுதான் தாங்கும். மொத்தப் பேனலுக்கும் அதான் நம்பர். அவங்க லைன்ல இருபதுக்கு மேல வரும்."

வேலையைக் கெடுப்பவன் என்று உன்னை எல்லார் முன்னாலும் சொன்னேன். ஒரு மாதம் உன்னோடு டீ குடிக்கவில்லை. பட்டையைத் தடிமனாக்கி, சப்போர்ட்டுகளை நெருக்கிப் போட்டு, இருபத்தைந்து என்று அடித்த பிறகுதான் நீ கையெழுத்திட்டாய். அப்புறம் பழையபடி பேசிக்கொண்டோம். ஆனால் நான் சொன்னது தப்பு என்று உன்னிடம் ஒருநாளும் சொல்லவில்லை. நீ கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா?

போன வாரம் அந்த ஃபேக்டரியில் பராமரிப்பு வேலை. வேலை செய்பவர்களின் பாதுகாப்புக்காகப் பட்டைகளில் மாட்டிய எர்த் ஒயரைக் கழற்ற மறந்து, லைனைக் கொடுத்துவிட்டார்கள்; பட்டையிலேயே ஷார்ட். துணைமின் நிலையத்தில் பிரேக்கர் விழும்வரை அத்தனை கரண்டும் பட்டை வழியாகத்தான் ஓடியிருக்கிறது. ஃப்யூஸ் பக்கம் அது வரவே இல்லை. ஒரு ஃப்யூஸ்கூடப் போகவில்லை, காதர்.

சேதி கேட்டு இன்று போய், பேனல் கதவைத் திறந்து பார்த்தேன். ஒரு பட்டை வளையவில்லை. ஒரு சப்போர்ட்டிலும் விரிசல் இல்லை. அந்தப் பழைய பதினெட்டாக இருந்திருந்தால் வெடித்துச் சிதறியிருக்கும். ஷார்ட் ஆனபோது பேனலுக்கு எதிரிலேயே நின்றிருந்த ஆபரேட்டர், சேக்காடு ஊர்க்காரர், என் பக்கத்தில் வந்து நின்றார்.

"டமால்னு சத்தம் சார். அவ்ளோதான், வேற ஒண்ணுமில்ல. இத யாரு சார் டெஸ்ட் பண்ணது?"

"என் மச்சான்" என்றேன்.

வருகிற வெள்ளிக்கிழமை உன் வீட்டுக்குப் போகிறேன். அன்று நீ சொன்னதுதான் சரி, நான் பேசியது தப்பு என்று உன் மனைவி, என் தங்கச்சி நசீமாவிடம், உன் பிள்ளைகள் காதில் விழும்படி சொல்லுவேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

என்றும் உன் மச்சான்,
கள்ளிக்குப்பம் முருகேசன்