மூக்கைப் பிடிக்கச் சொன்னது யார்?

அக்கா,

இன்று காலை கிள்ளான் வீட்டில் சன்னலைத் திறந்ததும் பிளாஸ்டிக் எரியும் நாற்றம் அடித்தது. நீங்கள் இறந்த பிறகு இதுதான் முதல் முறை. சன்னலை மூடிவிட்டு உட்கார்ந்தேன். கைப்பேசி அடித்தது.

"அங்கிள், போலீஸ் ஸ்டேஷன்லேர்ந்து பேசறேன். சும்மா ஒரு ஸ்டேட்மெண்ட்தான் லா. பழைய கேஸ்."

நாற்றமும் அழைப்பும் ஒரே காலையில் வந்தது தற்செயல் என்று எழுத என்னிடம் ஆதாரம் இல்லை. தற்செயல் இல்லை என்று எழுதவும் இல்லை.

உங்களையும் இப்படித்தான் கூப்பிட்டார்கள். நம் தாமான் குடியிருப்புக்குப் பின்னால் கழிவை எரிக்கும் தொழிற்சாலை. ஒரு மாலை, பிள்ளைகளை இறக்கிவிட்ட பள்ளி வேனை ஓரமாக நிறுத்திவிட்டு, அதன் வாசலில் அக்கம்பக்கத்தாரோடு நின்றீர்கள். பதாகை இல்லை, கோஷம் இல்லை. எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள், அவ்வளவுதான். நான் எடுத்த படம் பத்திரிகையில் வந்தது. பொத்திய கைகளில் எல்லோர் முகமும் பாதி மறைந்திருந்தது.

வழக்கறிஞரைப் பார்க்க பிரிக்ஃபீல்ட்ஸ் போன அன்று, டீக்கடையில் போலீஸ் விசாரணையை எனக்கு நடித்துக் காட்டினீர்கள்.

"என்ன கோஷம் போட்டீங்கன்னாரு. மூக்கைப் பொத்திக்கிட்டு எப்படி சார் கத்தறதுன்னேன். அப்ப மூக்கைப் பிடிக்கச் சொன்னது யாருன்னாரு. அந்த நாத்தம்தான் சார்னேன். நல்லவேளை தம்பி, நாத்தத்தோட அடையாள கார்டு ஐ.சி. நம்பரைக் கேக்கல."

நரைத்த என்னைத் தம்பி என்பதில் உங்களுக்கு எப்போதும் ஒரு கேலி. ஆனால் அடுத்த வாய் டீ குடிப்பதற்குள் சிரிப்பு போய்விட்டது.

"போலீசுக்கு முன்கூட்டியே சொல்லாம கூட்டம் சேர்த்தேனாம். என் மேல கேஸ் விழுந்தா வேன் பெர்மிட் போயிடும். போனைக்கூட வாங்கி வச்சுக்கிட்டாங்க." பிறகு குரலைத் தாழ்த்தினீர்கள். "நீ எடுத்த படம் வேற யார்கிட்ட போச்சு?"

"பத்திரிகைக்கு மட்டும்தான் அக்கா."

"சரி" என்றீர்கள். டீ முடியும்வரை என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தச் சந்தேகம் வலித்தது. உங்கள் இடத்தில் இருந்திருந்தால் நானும் அதையேதான் கேட்டிருப்பேன்.

உங்கள் மீது குற்றம் சாட்டவும் இல்லை, வழக்குக் கோப்பை மூடவும் இல்லை. எப்போது கேட்டாலும் "விசாரணை நடக்கிறது" என்பதே பதில். அடுத்த முறை வாசலுக்குப் பாதிப் பேர்தான் வந்தார்கள். "மகன் கவர்மெண்ட் வேலைக்கு மனு போட்டிருக்கான் அக்கா, கோவிச்சுக்காதீங்க" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். கடைசியில் நீங்கள் மட்டும் வேனுக்குள், கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். நீதிமன்றச் செய்திகளை எழுதியே வயதானவன் நான். ஒரு வழக்கு நீதிமன்றப் படியேறாமலே தன் வேலையை முடித்துவிடும் என்பதை உங்கள் வேனைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். "சும்மா கூப்பிடறவன் சும்மா விடமாட்டான்" என்பீர்கள். விடவில்லை. உங்கள் கைப்பேசி இன்னும் போலீஸ் ஸ்டேஷனில்தான் இருக்கிறது.

காலை வந்த குரல் கேட்டது: "அந்த வேன் ஓட்டற ஆன்டி இப்ப எங்க இருக்காங்க அங்கிள்?"

"இறந்துட்டாங்க."

"ஓ. சாரி அங்கிள்." அடுத்து: "படத்துல இருக்கற மத்தவங்க பேரு சொல்ல முடியுமா?"

நீங்கள் இறந்தது உண்மையிலேயே தெரியாமல் உங்களைக் கேட்டாரா, தெரிந்தே கேட்டாரா? எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

நாளை வழக்கறிஞரோடு போகிறேன், அக்கா. படத்தை எடுத்தது நான்தான் என்பேன். மற்றவர்கள் யாரென்று கேட்டால், முகம் தெரியவில்லையே என்பேன். மூக்கைப் பிடிக்கச் சொன்னது யாரென்று கேட்டால், உங்கள் பதில் என்னிடம் இருக்கிறது. நாற்றத்தின் ஐ.சி. நம்பரையும் கேட்டால், தொழிற்சாலையின் முகவரியைக் கொடுப்பேன்.