குடும்பப் பெயர் காலியாக இருக்கக் கூடாது

நிலவுச் சுரங்கம். தரவுத்தளப் பதிவு. எழுதுவது: வே. இசைவாணி.

காலை 9:10
ஆட்கள் அட்டவணையில் ஒரு மாற்றம். 'குடும்பப் பெயர்' என்று புது நெடுவரிசை சேர்க்க வேண்டும், அது காலியாக இருக்கக் கூடாது என்பது பூமியின் ஆணை. சோதனைப் பிரதியில் ஓட்டினேன். பிழை இல்லை.

9:40
உண்மை அட்டவணையில் ஓட்டினேன். மூன்றாம் கூடத்தின் அறுபது பேரும் அட்டவணையிலிருந்து அழிந்துவிட்டார்கள். சோதனைப் பிரதியில் அதிகாரிகள் மட்டுமே இருந்திருக்கிறார்கள். கூடத்தில் இருப்பவர்கள் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள். அப்பாவின் முதலெழுத்து, தன் பெயர், அவ்வளவுதான். காற்றுக் கருவி இந்த அட்டவணையைத்தான் படிக்கிறது. பெயர் இல்லாதவருக்குக் காற்று இல்லை.

10:05
நெடுவரிசையை நீக்க எனக்கு உரிமை இல்லை. பெயருக்குப் பதில் ஒரு புள்ளி வைத்துப் பார்த்தேன். ஏற்கவில்லை. அனுமதித்த பெயர்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது. பெரும்பாலும் சாதிப் பெயர்கள்.

மேலாளர்: "இதுக்குப் போய் ஏம்மா பதறுற? அவங்கவங்க சாதியப் போட்டு விடு."

பாறை துளைக்கும் ஆசீர், கூடத்திலிருந்து: "எங்கப்பா அத உதறிட்டுத்தான் ஊரவிட்டே வந்தாரு. நிலாவுல வந்து திரும்ப ஒட்டிக்கணுமா? வேற எதாச்சும் போடு பாப்பா. சீக்கிரம். மூச்சு முட்டுது."

10:20
அறுபது பேரையும் மேலாளரின் குடும்பப் பெயரிலேயே ஏற்றினேன். ஏற்றுக்கொண்டது. காற்று போகிறது.

ஆசீர்: "மேலாளர் சித்தப்பா! பொங்கலுக்கு வேட்டி எடுத்துக் குடுங்க!" பின்னால் ஒரே சிரிப்பு.

11:15
காற்று குறைகிறது. நெடுவரிசை எதற்கு என்று இப்போதுதான் ஆணையின் கடைசிப் பக்கத்தில் படித்தேன். செலவைக் குறைக்கிறார்களாம். இனி காற்று ஆளுக்கு அல்ல, குடும்பத்துக்கு. ஒரே பெயர் என்றால் ஒரே குடும்பம், குடும்பத்துக்கு நால்வர் என்று கணக்கு. நால்வருக்கான காற்றை அறுபது பேர் இழுக்கிறார்கள்.
ஏற்றிய பெயரை மேலாளர்தான் மாற்ற முடியும்.

மேலாளர்: "என் பேர வச்சு விளையாடுனல்ல? அவங்க பேரச் சரியாக் கேட்டு அனுப்பு. மாத்துறேன்."

11:30
கெஞ்சினேன். இப்போதைக்குச் சாதியைச் சொல்லுங்கள், பிறகு அழிக்கப் போராடலாம் என்றேன். ஆசீர் சொன்னார். அவருடையதை. மற்றவர்களுடையதையும். ஒவ்வொன்றுக்கும் நடுவே மூச்சு வாங்கினார். அனுப்பிவிட்டேன்.

11:50
மேலாளர்: "இந்தப் பேரெல்லாம் பட்டியல்லயே இல்லையேம்மா. பூமியக் கேட்டுத்தான் சேக்கணும். நாளைக்குப் பாப்போம்."

11:52
மேலாளர் எடுக்கவில்லை. மறுபடி அழைத்தேன். எடுக்கவில்லை.

ஆசீர்: "ஏறிடுச்சா பாப்பா?"

மூன்றாம் முறை மேலாளரை அழைத்தேன்.

ஆசீர்: "சொல்லிட்டோம்ல... ஏறிடுச்சா?"