டிராயரில் பூட்டிய இரண்டு அட்டைகள்

அன்புள்ள வாயாடிக்கு,

நான் சுகம். நீ சுகமா என்று கேட்கத்தான் இந்தக் கடிதமே. போன வாரத்திலிருந்து போன் அடித்து அடித்து ஓய்ந்துவிட்டேன். நீ ஒரு 'ம்' கூடச் சொல்லாமல் இருந்தால் எனக்கு எப்படியடி சோறு இறங்கும்?

ஆபீசில் கழுத்தில் மாட்டச் சொல்லும் அந்த அட்டையால்தான் இவ்வளவு பயம். பாதி நாள் வீடு, பாதி நாள் ஆபீஸ் என்று ஆனதிலிருந்து, யார் யாரோடு எவ்வளவு பேசுகிறோம் என்று அது அளக்கிறது. என்ன பேசினோம் என்று அதற்குத் தெரியாது. அம்மா இறந்ததும் ஊருக்குப் போன நீ அங்கேயே தங்கிவிட்டாய். ஆபீசில் தலை காட்டாவிட்டால் உன் வேலை போய்விடுமே என்று உன் அட்டையையும் நானே மாட்டிக்கொண்டு திரிந்தேன். போனில் உன் குரலைப் பெரிதாக வைத்து அதன் பக்கத்தில் பிடிப்பேன். கல்யாணப் பெண்ணுக்குக்கூட இத்தனை மாலை கிடையாது என்று கேலி செய்தாயே. அட்டைகள் தரும் வார அறிக்கையைப் பார்த்து, நாம்தான் நெருங்கிய ஜோடி என்று மேனேஜருக்கு வாயெல்லாம் பல்.

போன வாரம் எனக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டையும் டிராயரில் பூட்டிவிட்டு வாரம் முழுக்க வீட்டில் கிடந்தேன். திரும்பி வந்தால், அந்த வாரமும் நாம் பேசியதாக அறிக்கை சொல்கிறது. பேசியது உன் அட்டை, கேட்டது என்னுடையது. குரலுக்கு நிறம் போடுவார்களே, உன்னுடையது முழுக்க நீலம். நடுங்கும் குரலுக்குத்தான் அந்த நிறம். மெஷின் பார்க்கிறவரிடம் ஓடினேன். கோளாறு ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

டிராயரைத் திறந்தேன். இரண்டும் முகத்தோடு முகம் ஒட்டிக் கிடந்தன. நான் அப்படி வைக்கவில்லை. அடியே, என்னடி ஆச்சு என்று வாய்விட்டுக் கேட்டேன். உன் அட்டையில் பச்சை விளக்கு எரிந்தது. மாட்டியிருப்பவர் பேசினால்தான் அது எரியும். காதை வைத்துப் பார்த்தேன், சத்தமே இல்லை. விளக்கு மட்டும் அணையவில்லை. பட்டப்பகலில், சுற்றிலும் ஆட்கள் இருக்கும்போதே, டிராயரை அப்படியே போட்டுவிட்டு வெளியே ஓடிவந்தேன்.

அம்மா இல்லாத அந்த வீட்டில் தனியாக இருக்காதே என்று எத்தனை முறை சொன்னேன்! வேலை போனால் போகட்டும். சனிக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். கதவைத் தட்டினால் திறந்துவிடு. திட்டுவதானாலும் உன் வாயாலேயே திட்டு, கேட்டுக்கொள்கிறேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தை உன் கையால் நீயேதான் பிரித்திருக்க வேண்டும்.

உன் பதிலுக்காக உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும்,
பக்கத்து நாற்காலிக்காரி