ஆறாம் வகுப்பை மூன்று அறைகளாகப் பிரிக்க வேண்டாம்

அனுப்புநர்:
பாத்திரக் கடை உரிமையாளர் (ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தகப்பன்),
பேருந்து நிலையத்துக்கு எதிர்வரிசை.

பெறுநர்:
கல்வி அலுவலர் அவர்கள்,
கல்வி அலுவலகம்.

பொருள்: ஆறாம் வகுப்பைத் தாய்மொழிவாரியாகப் பிரித்து, வெள்ளிக்கிழமைப் பேச்சு வகுப்பை நிறுத்தும் உத்தரவை விலக்கிக்கொள்ள வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

வணக்கம். நடைபாதையில் துணி விரித்துக் கரண்டி விற்று மேலே வந்தவன் நான். சுற்றி வளைத்து எழுத வராது, பொறுத்தருள்க.

1. என் மகளின் வகுப்பில் மூன்று மொழி பேசும் பிள்ளைகள் படிக்கிறார்கள். சச்சரவைத் தவிர்க்கும் பொருட்டு, வரும் திங்கள் முதல் அவர்களை மூன்று அறைகளில் அமர்த்தும்படி தங்கள் அலுவலகம் உத்தரவிட்டுள்ளது.

2. சச்சரவு இருந்தது உண்மை. புதிதாகச் சேர்ந்த வேற்றுமொழிப் பிள்ளை ஒருத்திக்கு என் மகள் பிஸ்கட்டை நீட்டியிருக்கிறாள். அவள் வேண்டாம் என்று தலையசைத்துவிட்டாள். "நம்ம கை பட்டா திங்கமாட்டாளாம்ப்பா, பெரிய மகாராணி!" என்று வீட்டில் ஒரே பொருமல். வகுப்பே அவளுக்கு மகாராணி என்று பெயர் வைத்து ஒதுக்கிவிட்டது.

3. வகுப்பாசிரியை அறிவுரை எதுவும் சொல்லவில்லை. அதற்காகவே அவருக்கு ஒரு கும்பிடு. வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் பெஞ்சுகளை வட்டமாகப் போட்டு ஒரு சட்டம் வைத்தார்: யாரைப் பற்றியும் நாமாக முடிவு கட்டக்கூடாது, அவரிடமே கேட்க வேண்டும், பதில் முடியும்வரை குறுக்கே பேசக்கூடாது. என் மகள் கேட்டாள். "எங்க வீட்ல ரெண்டு தடவ வேணாம்னு சொல்றதுதான் மரியாத. மூணாவது தடவ குடுத்தா வாங்கிக்குவோம். நீங்க யாரும் ரெண்டாவது தடவையே கேக்கலியே" என்றாளாம் மகாராணி. "நீங்க ஏன் ஒரு தடவையோட நிறுத்திடறீங்க?" என்று திருப்பியும் கேட்டிருக்கிறாள். என் மகள் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாள்.

4. இதில் எனக்கும் ஆதாயம் உண்டு, மறைப்பானேன்? அந்த மொழிக்காரர்கள் என் கடையில் குக்கரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று படியிறங்குவார்கள். வாங்குகிற முகமில்லை என்று விட்டுவிடுவேன். இப்போது வாசல்வரை போய் மறுபடி மறுபடி கூப்பிடுகிறேன். குக்கரோடு போகிறார்கள். இத்தனை வருட வியாபாரத்தில் எனக்குப் பிடிபடாததை, அந்த அம்மா பெஞ்சைத் திருப்பிப் போட்டே காட்டிவிட்டார்.

5. அந்த வெள்ளிக்கிழமை வகுப்பில் சத்தம் அதிகம், பாடத்திட்டத்திலும் இல்லை என்கிறது உத்தரவு. சத்தம் வரத்தான் செய்கிறது. ஜன்னலுக்கு வெளியே நின்று நானே கேட்டேன், முக்கால்வாசி சிரிப்பு. தனித்தனி அறையில் உட்கார்த்தினால் சச்சரவு இருக்காதுதான். ஏன் என்று கேட்கவும் எதிரில் ஆள் இருக்காது. மகாராணி வேறு அறைக்குப் போகிறாள் என்று தெரிந்ததிலிருந்து என் மகள் வீட்டில் யாருக்கும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

ஆகவே உத்தரவை நிறுத்திவைத்து, ஒரு வெள்ளிக்கிழமை தாங்களே வந்து அந்த வட்டத்தில் அமர்ந்து பார்த்த பின் முடிவெடுக்க வேண்டுகிறேன். பெஞ்சு சின்னது, நாற்காலி நான் கொண்டுவருகிறேன்.

ஆசிரியை வந்து கேட்டபோது முடியாது என்றீர்கள். பெற்றோர்கள் சேர்ந்து வந்து கேட்டபோதும் முடியாது என்றீர்கள். நான் அதைத் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை, அம்மா. இது மூன்றாவது தடவை.

இடம்: கடை
நாள்: வியாழக்கிழமை

பணிவோடு கேட்டு நிற்கும்,
(கையொப்பம்)
பாத்திரக் கடைக்காரன்