இரண்டு டிவியிலும் ஒரே புகை

சேரப்பணஞ்சேரி,
ஞாயிறு, பூசை முடிந்து வந்து

அன்பு மகள் ஷீபாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். மாதாவின் துணையால் அப்பாவும் தம்பி டென்னிசும் நானும் இங்கே நன்றாக இருக்கிறோம், அந்த ஜெர்மனிக் குளிரில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, காதை மூடிக்கொண்டு வெளியே போய், நன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் அன்றாட செபம். வாரா வாரம் முகம் பார்த்துப் பேசுகிற காலத்தில் அம்மா எதற்குக் காகிதமும் பேனாவும் எடுத்தாள் என்று யோசிப்பாய். நீ வாங்கிக் கொடுத்த டிவி சுவரில் ஏறிய நாளிலிருந்து உன்னோடு தனியாக ஒரு வார்த்தை பேச வழியில்லையடி. உன் தம்பி அதன் தலையில் ஒரு சின்னக் கேமராவையும் மாட்டிவிட்டானா, நீ கூப்பிட்டால் போதும், அப்பா, டென்னிஸ், பக்கத்து வீட்டுக் கிளியம்மாள், கிளியம்மாள் வீட்டுக்கு வந்த விருந்தாளி வரைக்கும் வரிசையாக உட்கார்ந்துவிடுகிறார்கள். முடி கொட்டுகிறது என்று நீ சொன்னபோது எனக்கு முந்திக்கொண்டு கிளியம்மாள்தான் வைத்தியம் சொன்னாள். வாலாஜாபாத் இசைவாணி உங்கள் கம்பெனியில் சேரக் கிளம்புகிறாள் அல்லவா, அவள் பெட்டியில் நார்த்தங்காய் ஊறுகாய்க்கும் பருப்புப் பொடிக்கும் நடுவே இந்தக் கடிதத்தைச் சொருகி அனுப்புகிறேன்.

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு நீ எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள். போன மாதம் அப்பா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உன்னிடம் பேசினாரே, மெட்ராஸ் ஐ என்றாரே, அது மெட்ராஸ் ஐ இல்லை. வலது கண்ணில் புரை, இடது கண்ணும் தூரத்துக்குக் கொஞ்சம் மங்கல், அதற்குக் கண்ணாடி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். காஞ்சிபுரத்தில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, கட்டும் அவிழ்த்து, இப்போது என்னைவிட நன்றாகப் பார்க்கிறார், அதனால் நீ பயப்பட ஒன்றுமில்லை. உனக்கு அங்கே வேலை நிரந்தரமாகிற நேரம், சொன்னால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு விமானம் ஏறிவிடுவாய் என்று தெரியும், அதனால் மறைத்தோம். பொய்யைச் சொன்னது அப்பா, பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டியது நான். இந்தக் கண் கதை முழுக்க டிவியில் இருந்துதான் கிளம்பியது, ஆகவே அங்கிருந்தே வருகிறேன்.

டிவி வந்த அன்று வீடு கல்யாண வீடு மாதிரிதான் இருந்தது. ஐம்பத்தைந்து அங்குலம், ஆனால் தடிமன் என் இரண்டு விரல்தான், சுற்றிச் சட்டமே இல்லாமல் ஓரம் வரைக்கும் படம். உன் அம்மா எட்டு வருடம் ஸ்ரீபெரும்புதூரில் டிவி கம்பெனி லைனில் உட்கார்ந்து, எத்தனையோ ஆயிரம் டிவியைச் சோதித்து ஓகே போட்டு அனுப்பியவள், ஆனால் நம் வீட்டில் ஒரு பெரிய டிவி இதுதான் முதல் தடவை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அன்று யாரும் பார்க்காத நேரத்தில் மூலைக்கு மூலை விரலை ஓட்டி, எங்காவது எரியாத செத்த புள்ளி இருக்கிறதா என்று பழக்கதோஷத்தில் தேடினேன். ஒன்றுகூட இல்லை, தங்கமான பேனல். வேளாங்கண்ணிக் கொடியேற்றத்தை அதில் போட்டபோது கொடியின் தையல்கூடத் தெரிந்தது. கிளியம்மாள் சீரியல் பார்க்க வந்து, கதாநாயகி கண்ணீர் விட்டு அழுகிற இடத்தில், “இன்னாக்கா இது, மொகம் ஒரு கலரு, கழுத்து ஒரு கலரு கீது, பவுடர் பத்தலியா அவுங்களுக்கு” என்று கேட்டுவிட்டாள், அதோடு அந்த சோகம் போய்விட்டது. ரிமோட்டில் பேசினால் டிவி கேட்கிறது, அது ஒரு பெண் குரலில் பதிலும் சொல்கிறதா, அப்பா அதனிடம் ரொம்ப மரியாதை. “கொஞ்சம் கபடி போடும்மா தாயே” என்றுதான் கேட்பார். என்னிடம் அப்படி ஒருநாள் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டிருப்பாரா.

ஆனால் கபடி வந்ததும் அவர் முகம் சுருங்கும். படம் புகையாக இருக்கிறது என்பார். ஸ்கோர் நம்பரைச் சுற்றி வெளிச்சம் கசிகிறது என்பார். நான் கிட்டப் போய் நின்று பார்த்தேன், எட்டி நின்று பார்த்தேன், எனக்கு ஒன்றும் தெரியவில்லை, ஆனாலும் நான் அவரைத்தான் நம்பினேன். பின்னால் இருந்து வெளிச்சம் கசிகிற பேனல் உண்டு, லைனிலேயே பார்த்திருக்கிறேன், அதுவும் சில கோணத்தில்தான் தெரியும். டென்னிஸ் ஷிப்ட் முடிந்து வந்து படத்தின் மோடுகளை ஒவ்வொன்றாக மாற்றினான், சினிமாவுக்கு ஒன்று, விளையாட்டுக்கு ஒன்று, வெயில் அடிக்கிற ஹாலுக்கு ஒன்று. வெளிச்சத்தைக் கடைசி வரை ஏற்றினால் அப்பா சரி என்பார், எங்களுக்குக் கண் கூசும், மறுநாள் திரும்பவும் புகை. டிவி கம்பெனியில் இருந்து ரகு என்று ஒரு மெக்கானிக் வந்தான், பொறுமையான பையன், எல்லாம் பார்த்துவிட்டு டிவி நன்றாக இருக்கிறது என்றான். அதற்கு அப்பா, “நீ வேலைக்குப் புச்சா, தம்பி” என்று கேட்டுவிட்டார். அவன் காபியைக் குடித்துவிட்டுப் போனான். பிள்ளை ஆசையாக வாங்கிக் கொடுத்தது, அவளிடம் குறை சொல்லக்கூடாது என்று அப்பா எங்கள் வாயைக் கட்டிப் போட்டிருந்தார், அதனால்தான் உனக்கு இது எதுவும் வரவில்லை.

பிறகு நானே படப்பைக் கடைக்குப் போனேன். நான் கடையில் சண்டை போட்டு நீ பார்த்ததில்லை, பார்க்காததே நல்லது. லைனில் கற்ற வார்த்தை எல்லாவற்றையும் எடுத்து வீசினேன், பேக்லைட் என்றேன், லீக் என்றேன், கடைக்காரர் பாவம், குறையே இல்லாத டிவியைத் திரும்ப எடுத்துக்கொண்டு வேறு ஒன்று அனுப்பிவிட்டார். புது டிவியை மாட்டி, கபடி போட்டு, அப்பாவை உட்கார வைத்தேன். கொஞ்ச நேரம் பார்த்தார். “இதுலயும் அதே புகதான் கீது மேரி, அதே எடத்துல” என்றார்.

அந்த நிமிடம் எனக்கு எங்கள் சூப்பர்வைசர் அமலாவின் ஞாபகம் வந்தது. லைனில் ஒரு மேசையில் இருந்து அடுத்தடுத்த டிவிக்கு ஒரே குறை எழுதி வந்தால் அமலா டிவியைப் பார்க்கவே மாட்டாள். அந்த மேசைப் பெண்ணை எழுப்பிவிட்டுத் தான் அந்த நாற்காலியில் உட்காருவாள். டிவி மாறுகிறது, குறை மாறவில்லை என்றால் மாறாமல் இருப்பது என்ன என்று பார் என்பாள். பல தடவை குறை அந்தப் பெண்ணின் கண்ணாடியிலோ கண்ணிலோதான் இருக்கும், என்னையே ஒருதரம் அப்படி எழுப்பியிருக்கிறாள். நான் அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன், புகை இல்லை. காட்டிக்கொள்ளாமல் டிவியில் வெறும் வெள்ளைப் படம் ஒன்றைப் போட்டு, விளையாட்டாக, ஒரு கண்ணை மூடிக்கொண்டு என்ன கலர் என்று சொல்லுங்கள் என்றேன். வலது கண்ணை மூடிக்கொண்டு வெள்ளை என்றார். அடுத்து இடது கண்ணை மூடினார். கையை எடுத்தார், திரும்ப மூடினார், அப்படியே மாற்றி மாற்றிப் பார்த்தார். “பழைய வேட்டி கலர்ல கீது” என்றார், குரல் இறங்கிவிட்டது. “டென்னிஸ்கிட்ட சொல்லாத.”

டிவியை அணைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்குக் கபடியைப் பற்றிக் கவலை இல்லை, ஷீபா. நைட் ஷிப்ட் பஸ் எப்படி ஓட்டுகிறீர்கள் என்று கேட்டேன். அப்பா வாலாஜாபாத்தில் இருந்து ஒரகடம் வரைக்கும் எத்தனை கம்பெனிப் பிள்ளைகளை ஏற்றிப் போகிறார் என்று உனக்கே தெரியும், நீயும் இரண்டு வருடம் அந்த பஸ்ஸில் ஜன்னலில் தலைசாய்த்துத் தூங்கிக்கொண்டு போனவள்தானே. முதலில் மழுப்பினார். நான் விடவில்லை. கடைசியில் சொன்னார், போன மழைக்காலத்தில் இருந்தே எதிரில் வருகிற லாரி வெளிச்சம் பூவாக விரிகிறதாம். “முன்னால போற பஸ்ஸோட செவப்பு லைட்ட புடிச்சிக்கினே போயிடுவேன் மேரி, அது நின்னா நிப்பேன்” என்றார். டிவியில் குறை இருந்தால் பஸ் அவர் கையில் இருக்கும், கண்ணில் குறை இருந்தால் பஸ் போய்விடும், அதனால்தான் அந்த மனிதர் இரண்டு டிவியைக் குற்றம் சொல்லியிருக்கிறார். பொய் சொன்னார் என்று நான் சொல்ல மாட்டேன், டிவிதான் குறை என்று அவரே நம்பிவிட்டார்.

கிறிஸ்துமஸ் வரைக்கும் ஓட்டிவிட்டு டாக்டரைப் பார்க்கிறேன் என்றார். இந்த வயதில் பஸ்ஸை விட்டு இறங்கினால் மறுபடி யார் ஏற்றுவார்கள் என்று கேட்டார், அதில் நியாயம் இல்லாமல் இல்லை, அவர் கையில் ஸ்டியரிங் இல்லாத நாளை நானே நினைத்துப் பார்த்ததில்லை. ஆனால் அன்று எனக்கு இரக்கத்தைவிடக் கோபம்தான் அதிகமாக இருந்தது. உங்கள் மகள் அந்த பஸ்ஸில் இருந்தால் ஓட்டுவீர்களா என்று கேட்டேன், துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். அவர் குளிக்கப் போனதும் பஸ் சாவியை எடுத்து அரிசி டிரம்முக்குள் புதைத்துவிட்டேன். வந்தார், ஆணியில் தேடினார், சட்டைப் பையில் தேடினார், என் முகத்தைப் பார்த்தார், புரிந்துகொண்டார். கத்துவார் என்று நினைத்தேன். துண்டோடு அப்படியே உட்கார்ந்து, போனை எடுத்து, டிராவல்ஸ் முதலாளி அய்யாத்துரைக்கு அவரே பேசினார். “அண்ணே, எனக்குக் கண்ணு சரியில்ல. புள்ளைங்க நிக்கும், வேற ஆள அனுப்பு” என்றார், அவ்வளவுதான். வேறு எதற்காகவும் இல்லை, அந்த ஒரு வார்த்தைக்காக இந்த மனிதரைக் கட்டிக்கொண்டதற்கு நான் சந்தோஷப்பட்டேன். அய்யாத்துரையும் நல்லவர். “கண்ண சரி பண்ணிக்கினு டாக்டர் எய்திக் குடுத்த பேப்பரோட வா ஆபிரகாமு, பகல் வண்டி உனக்குத்தான்” என்று சொல்லிவிட்டார். சாவியை அரிசியில் இருந்து எடுத்துத் தட்டிக் கொடுத்தபோது மட்டும் ஒரு முறை முறைத்தார்.

ஆபரேஷன் ஒன்றும் பெரிய விஷயம் இல்லை, நான் வெளியே செபமாலையைப் பாதி சொல்வதற்குள் முடித்து அனுப்பிவிட்டார்கள். சொட்டு மருந்து விடுவதற்குத்தான் சின்னப் பிள்ளை மாதிரி அடம். கட்டு அவிழ்த்து வீட்டுக்குள் வந்தவர் முதலில் சுவரைப் பார்த்து இதற்கு எப்போது வெள்ளை அடித்தோம் என்று கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, “இன்னாடி இவ்ளோ நரச்சிட்ட” என்றார். நரைத்து மூன்று வருடம் ஆகிறது, இப்போதாவது தெரிந்ததே என்றேன். கண்ணுக்குப் பக்கத்தில் இருக்கிற மருவைக்கூட விரலால் தொட்டுப் பார்த்தார். டிவியையும் பார்த்தார், அதற்கு ஒரு மன்னிப்புக் கேட்கச் சொன்னேன், கேட்கவில்லை. ரகுவைக் கூப்பிட்டுக் காபி கொடுக்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறார்.

போன ஞாயிறு நீ கூப்பிட்டபோது அப்பா சுவரோடு ஒட்டிக்கொண்டு டிவிக்குக் கிட்டே நின்றாரே, “அப்பா தள்ளிப் போப்பா, உன் நெத்தி மட்டும்தான் தெரியுது” என்று நீகூடச் சிரித்தாயே, அவர் அப்போது உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நீ வைத்த பிறகும் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. “ஒரு வருசமா அவ கொரலுக்குத்தான் பதில் சொல்லிக்கினு இருந்துக்கீறேன் மேரி. மொகத்த இன்னிக்குத்தான் பாத்தேன்” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “கண்ணுக்குக் கீழ கறுத்துக் கெடக்கு, கழுத்தெலும்பு தெரியுது. புள்ள அங்க அழுதுக்கினு கீறா. நீ பாத்துக்கினுதான இருந்த, ஏன் எங்கிட்ட சொல்லல” என்று கேட்டார். இத்தனை பெரிய திரையில் எனக்குத் தெரியாமல் போகுமா, நான் அதைப் பல வாரமாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், நீ சிரித்துக்கொண்டு நன்றாக இருக்கிறேன் என்று சொல்வாய், நானும் சரி என்று சொல்லிவிடுவேன். சுற்றிலும் கூட்டம், எப்படிக் கேட்பது.

இப்போது கேட்கிறேன். எங்கள் விஷயத்தை ஒன்று விடாமல் எழுதிவிட்டேன், உன்னுடையதை நீ எழுது. வேலையா, தனிமையா, வேறு மனக்கஷ்டமா, எதுவானாலும் எழுது, முடியவில்லை என்றால் கிளம்பி வா, வீடு இருக்கிறது, நாங்கள் இருக்கிறோம், ஊர் என்ன சொல்லும் என்று நீ யோசிக்காதே, ஊரை நான் பார்த்துக்கொள்கிறேன். இசைவாணி கையில் கொடுக்கிற ஊறுகாயை அன்றே வேறு பாட்டிலுக்கு மாற்று, தண்ணீர் பட்ட ஸ்பூனை உள்ளே விடாதே. இரவில் சோறு பொங்கிச் சாப்பிடு, வெறும் ரொட்டி உடம்புக்கு ஆகாது. கிளியம்மாள் சொன்ன வைத்தியத்தை மட்டும் செய்துவிடாதே. ஆண்டவர் உன் போக்கிலும் வரத்திலும் கூட இருக்கட்டும், மாதா தன் முந்தானைக்குள் உன்னை வைத்துக்கொள்ளட்டும்.

அடுத்த ஞாயிறு நன்றாக இருக்கிறேன் என்று சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் யோசித்துச் சொல் மகளே, இந்த வீட்டில் இப்போது இரண்டு பேருக்கும் கண் தெரிகிறது.

உன்னைப் பார்த்துக்கொண்டே இருக்கும் அம்மா,
ஆ. செல்வமேரி